ரோட்டுக்கு மேற்கே என்றாலும் அது கடலோரம்தான்

போன வாரமும் ஒரு தம்பதி வந்தார்கள். பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறைகளில் வரிசையாகப் போட்டு எடுத்து வந்திருந்தார்கள். ஓய்வூதியப் பணத்தில் பெரும்பகுதியைப் போட்டு வாங்கிய ஐந்தரை சென்ட் மனை. "வீட்டுக்கு ஒரு பிளான் போட்டுக் கொடுங்க சார்" என்றார் அவர். மனையின் அளவுப் படமான புலப்படத்தைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இந்த வருடத்தில் இப்படி வந்த நான்காவது குடும்பம் இது.

மனை, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே, முட்டுக்காடு உப்பங்கழியை ஒட்டி இருக்கிறது. விற்றவர் அவர்களிடம் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்கு மனப்பாடம். "கடல் ரோட்டுக்குக் கிழக்கே இருக்கு, நம்ம மனை மேற்கே இருக்கு. சிஆர்இசட் எல்லாம் இங்க வராது."

வரும். இதை எத்தனை தடவை சொல்வது என்று தெரியவில்லை, இருந்தாலும் இன்னொரு தடவை சொல்கிறேன். கடலோரத்தில் எங்கே, என்ன கட்டலாம் என்று கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல (சிஆர்இசட்) அறிவிக்கை 1991-ல் முதலில் வந்தது. பிறகு 2011-லும் 2019-லும் புதிதாக வெளியிட்டார்கள். மூன்றிலுமே கடற்கரை மட்டும் கணக்கில்லை. கடல்நீர் ஏறி இறங்கும் முகத்துவாரம், உப்பங்கழி, ஆறு, ஓடை எல்லாவற்றின் கரையும் சேர்த்திதான். கண்ணுக்குக் கடல் தெரிகிறதா, அலைச் சத்தம் கேட்கிறதா என்பது பேச்சே இல்லை. கோடைக் காலத்தில் அந்தத் தண்ணீரை எடுத்துச் சோதிப்பார்கள். ஆயிரத்தில் ஐந்து பங்கு உப்பு இருக்கும் இடம் வரைக்கும் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், எட்டுகிறது என்று பொருள். அந்த இடம் கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருந்தாலும் சட்டம் கூடவே வரும்.

அந்த மனையை நேரில் போய்ப் பார்த்தேன். எல்லைக்கல்லின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மனையின் பின்பக்கம் முழுக்க உப்பு மண்ணில் வளரும் உமரிச் செடி, ஈரமண்ணில் நண்டு வளைகள். இதற்குமேல் ஒரு நிலம் என்னதான் சொல்ல வேண்டும்? வாங்குவதற்கு முன் அமாவாசையன்றோ பௌர்ணமியன்றோ ஒரு தடவை போய் நின்றிருந்தால் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று அவர்களே பார்த்திருப்பார்கள்.

தூரக் கணக்கு இப்படி. கடல் பக்கம், ஓதம் உச்சமாக ஏறும் உயர் ஓதக் கோட்டிலிருந்து நிலத்துக்குள் 500 மீட்டர். கழி, ஆறு என்றால் 2011 அறிவிக்கைப்படி 100 மீட்டர் அல்லது அந்த நீர்நிலையின் அகலம், எது குறைவோ அது. 2019 அறிவிக்கை இந்த 100-ஐ 50 ஆக்கியது. ஆனால் 2019 விதிகள் ஒரு மாநிலத்தில் நடைமுறைக்கு வர வேண்டுமானால், அதற்கேற்பத் தயாரித்த கடலோர மேலாண்மை வரைபடத்துக்கு மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். அதுவரை 2011-தான். "இப்ப 50 மீட்டர்தான் சார்" என்று தரகர் சொன்னால், உங்கள் சர்வே எண்ணுக்கு எந்த வரைபடம் செல்லும் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஃபோனில் மேப்பைத் திறந்து அலை நுரையிலிருந்து அளந்துவிட்டு "510 மீட்டர் வருது சார்" என்று வருகிறவர்களும் உண்டு. உயர் ஓதக் கோடு என்பது நீங்கள் போன அன்று அலை நின்ற இடம் அல்ல. அதை அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள்தான் குறிக்க முடியும். 1:4000 அளவு வரைபடத்தின் மேல் உங்கள் மனையைப் பொருத்திப் பார்த்தால்தான் உள்ளேயா வெளியேயா என்பது தெரியும். பத்து மீட்டர் வித்தியாசத்தில் வீடு கட்ட முடிந்தவர்களும் இருக்கிறார்கள், முடியாமல் போனவர்களும் இருக்கிறார்கள்.

அப்புறம், பஞ்சாயத்து அனுமதி இருந்தால் போதும் என்கிற நினைப்பு. கொச்சி மரடில் இடித்த அடுக்குமாடிகள் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த அடுக்குமாடிகளும் திறந்த கடலைப் பார்த்து நிற்கவில்லை, காயல் கரையில்தான் நின்றன. 2006-ல் பஞ்சாயத்து அனுமதி கொடுத்தது. கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் ஒப்புதல் இல்லை. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு வளாகங்களையும் வெடி வைத்துத் தகர்த்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. வாங்கியவர்களில் பலரிடம் கிரயப் பத்திரம் இருந்தது, வங்கிக் கடன் இருந்தது. வங்கியின் வழக்கறிஞர் முக்கியமாகப் பார்ப்பது நிலம் யாருடையது என்பதை. அதில் கட்டலாமா என்பது வேறு கேள்வி, அதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

"மீனவர் பெயரில் வாங்கிக் கட்டிக்கலாம்" என்று யோசனை சொல்கிறவர்களை நம்பாதீர்கள். பாரம்பரியக் கடலோர மக்கள் தங்கள் ஊரில் குடியிருப்பதற்காகக் கொடுத்த சலுகை அது. வார இறுதி வீட்டுக்கு அதைக் கடன் வாங்குவது அநியாயம். கிராவல் கொட்டி மேடாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்பதும் அப்படித்தான். கழியைத் தூர்ப்பதே தடை செய்யப்பட்ட வேலை. மணல்மேட்டைச் சமப்படுத்துவதும் கூடாது.

அந்த அம்மா கடைசியில், "ஒரே ஒரு ரூம் மட்டுமாவது?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னேன்.

கடலோரத்தில், கழியோரத்தில், பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் மனை பார்க்கிறவர்களே, தயவுசெய்து அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வாருங்கள். கொடுத்த பிறகு வந்தால் என்னாலும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுவிடம் கேளுங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவும் போடலாம். விற்பனை ஒப்பந்தத்தில், கடலோர ஒழுங்குமுறை காரணமாகக் கட்ட அனுமதி கிடைக்காவிட்டால் முழுப் பணத்தையும் திருப்பித் தருவதாக ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரிக்கு விற்பவர் தயங்கினால், பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.