ஃபெடிவர்ஸில் ஒரு பதிவு எங்கெல்லாம் போகிறது?

மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் ஒருவர் தன் தோட்டத்துக்கு வந்த பறவையின் படத்தைப் போடுகிறார். சற்று நேரம் கழித்துத் தேர்தல் பற்றிக் காரசாரமாக நாலு வரி எழுதுகிறார். இரவில் நண்பருக்கு ஒரு தனிச்செய்தி அனுப்புகிறார். மூன்றையும் எழுதியது ஒரே பெட்டியில்தான். மூன்றும் வெளியே போவதும் ஒரே வழியில்தான். ஆனாலும் பறவைப் படம் பறவை ஆர்வலர்கள் கண்ணில் படாமலே போகலாம். தேர்தல் விவாதம் ஆளுக்கு ஒரு மாதிரி அரைகுறையாகத் தெரியலாம். தனிச்செய்தி எதிர்பாராத கைகளுக்குப் போகலாம். இந்த வலையமைப்பில் ஒரு பதிவு ஓரிடத்தில் கிடப்பதில்லை, சர்வருக்குச் சர்வர் நகலாகப் போய்த் தங்குகிறது. மேலே சொன்ன மூன்றும் அதிலிருந்துதான் வருகின்றன.

மாஸ்டடான் மென்பொருளை ஜெர்மனியைச் சேர்ந்த ஓய்கன் ரோச்கோ 2016இல் வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் அதை நிறுவித் தனி சர்வர் நடத்தலாம். செலவும் விதிகளும் அவரவர் பொறுப்பு. இந்த சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நெறிமுறைக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அதைத் தரநிலையாக அங்கீகரித்தது. படங்களுக்கான பிக்சல்ஃபெட், காணொளிக்கான பியர்டியூப், குழு விவாதத்துக்கான லெமி எல்லாம் இதே நெறிமுறையில் இயங்குபவை. ஜிமெயிலில் இருப்பவர் யாகூவில் இருப்பவருக்கு அஞ்சல் அனுப்புவதுபோல, ஒரு சர்வரில் இருப்பவர் வேறொன்றில் இருப்பவரைப் பின்தொடரலாம். இந்த மொத்தக் கூட்டத்தைத்தான் ஃபெடிவர்ஸ் என்கிறார்கள்.

பின்தொடர்வது முதல் போய்ச் சேர்வது வரை

முகவரியில் இரண்டு பகுதிகள் உண்டு: பயனர் பெயர், அதன்பின் சர்வரின் பெயர். தேடுபெட்டியில் அந்த முகவரியை இட்டதும் நம் சர்வர் வெப்ஃபிங்கர் என்ற முறைப்படி அந்த சர்வரிடம், “இந்தப் பெயரில் இருப்பவரின் விவர ஆவணம் எங்கே?” என்று கேட்கிறது. கிடைக்கும் ஜேசான் (கணினிகள் படிக்கும் ஒரு தரவு வடிவம்) ஆவணத்தில் அவருடைய உள்பெட்டி, வெளிப்பெட்டி, பின்தொடர்வோர் பட்டியல் ஆகியவற்றின் முகவரிகளும், அவருடைய கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் ஒரு பொதுச் சாவியும் இருக்கும். ‘பின்தொடர்’ பொத்தானை அழுத்தினால் அந்த உள்பெட்டிக்கு ஒரு கோரிக்கை போகும். ‘ஏற்றேன்’ என்று பதில் வந்த பிறகுதான் நகல்கள் வரத் தொடங்கும்.

அவர் பதிவிடும்போது அவருடைய சர்வர், பின்தொடர்வோர் எந்தெந்த சர்வர்களில் இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறது. ஒரே சர்வரில் 300 பேர் இருந்தாலும், அங்கே எல்லாருக்கும் சேர்த்து ஒரு பொது உள்பெட்டி இருந்தால் ஒரு நகல் போதும். ஒவ்வொரு நகலோடும் ஒரு டிஜிட்டல் கையொப்பம் போகிறது. மாஸ்டடானில் இது ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறையின் 2048 பிட் சாவியால் இடப்படுவது. பெறும் சர்வர், அனுப்பியவரின் பொதுச் சாவியை எடுத்துவந்து கையொப்பத்தைச் சரிபார்க்கும். செய்தியின் உள்ளடக்கம் வழியில் மாறவில்லை என்பதற்கு எஸ்எச்ஏ-256 என்ற முறையில் அதிலிருந்து கணக்கிட்ட சுருக்கமும் (டிஜிட்டல் கைரேகை போன்றது) கூடவே வரும். கையொப்பமிடும் ரகசியச் சாவி பயனரின் கைப்பேசியில் இருப்பதில்லை, சர்வரில்தான் இருக்கிறது. சர்வரை நடத்துபவர் மனம்வைத்தால் உங்கள் பெயரில் ஒரு பதிவை உருவாக்கிக் கையொப்பமிட முடியும் என்பதுதான் இதன் நேரடிப் பொருள். எந்த சர்வரில் சேர்வது என்பது, ஆகவே, முதன்மையாக யாரை நம்புவது என்ற கேள்வி.

இந்தப் போக்குவரத்து பழுதாகும் இடங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. சர்வரின் கடிகாரம் பெரிதாகத் தப்பினால் கையொப்பத்தின் நேரம் ஒத்துப்போகாமல் நகல்கள் திருப்பி அனுப்பப்படும். சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்து இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் சான்றிதழ் காலாவதியானால் இணைப்பே நடக்காது. பெறும் சர்வர் படுத்திருந்தால் மாஸ்டடான் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே 16 முறை வரை மறுபடி முயலும், மொத்தம் ஏறத்தாழ இரண்டு நாள். அதற்குள் எழாவிட்டால் அந்த நகல் அவ்வளவுதான். ஏழு நாள்கள் தொடர்ந்து தோல்வி பதிவானால் அந்த சர்வரையே எட்டாதது என்று குறித்துவைத்து அனுப்புவதை நிறுத்திவிடும்.

பொழுதுபோக்குக்கு ஆள் தேடுவது

பறவை, தையல், பழைய வானொலிப் பெட்டி, மாடித் தோட்டம் என்று எதையாவது பேச ஆள் தேடி வருபவர்கள் முதலில் பார்ப்பது வெறுமையைத்தான். ஹேஷ்டேக்கைத் தேடினால் ஃபெடிவர்ஸ் முழுவதும் தேடப்படுவதில்லை. உங்கள் சர்வருக்கு வந்து சேர்ந்த நகல்களில் மட்டுமே தேடப்படும். ஐந்து பேர் இருக்கும் சர்வரில் #பறவைகள் என்று தேடினால் இரண்டு பதிவு வரலாம். பல்லாயிரம் பேர் இருக்கும் சர்வரில் அதே சொல் பக்கம் பக்கமாகக் கொட்டும். புதிதாக ஒருவரைப் பின்தொடர்ந்ததும் அவர் பக்கம் காலியாகத் தெரிவதும் இதனால்தான். மாஸ்டடான் பழைய பதிவுகளை வரவழைப்பதில்லை. அவர் மேலே ஒட்டிவைத்தவற்றை மட்டும் கொண்டுவரும்.

இதற்கு உள்ள வழிகளில் எளியது, ஆர்வத்துக்கு ஏற்ற சர்வரில் சேர்வது. உங்களைப் போன்றவர்கள் ஏற்கெனவே பின்தொடரும் ஆட்களின் நகல்கள் அங்கே வந்து குவிந்திருக்கும், அந்த சர்வர் உறுப்பினர்களின் பதிவுகள் மட்டும் வரும் உள்ளூர் காலவரிசையே ஒரு சங்கக் கூட்டம்போல் இருக்கும். மாஸ்டடான் 4.0 முதல் ஹேஷ்டேக்கையே பின்தொடரலாம், ஆனால் அதுவும் நகல் வந்த பதிவுகளுக்குள்தான். சிறிய சர்வர் நடத்துபவர்கள் ரிலே என்ற இடைநிலை சேவையில் சேர்வதுண்டு. அது உறுப்பினர் சர்வர்களின் பொதுப் பதிவுகளை எல்லாம் எல்லாருக்கும் அனுப்பும். வெறுமை தீரும், ஆனால் வட்டு நிரம்பும். வெளியிலிருந்து வரும் படங்களும் நகலெடுத்துச் சேமிக்கப்படுவதால், குறிப்பிட்ட நாளுக்கு மேற்பட்ட வெளிப்படங்களை நீக்கும் கட்டளையைத் தினமும் ஓடவிட வேண்டியிருக்கும்.

பொழுதுபோக்குப் பேச்சுக்கு லெமியின் அமைப்பே பொருத்தமானது என்று சொல்வோம். அங்கே ஒரு குழுவுக்கே தனி உள்பெட்டி உண்டு. உறுப்பினர் எழுதுவது முதலில் குழுவுக்குப் போகும். குழு அதை எல்லா உறுப்பினர்களின் சர்வர்களுக்கும் அறிவிக்கும். எல்லாம் ஒரு நடுப்புள்ளி வழியாகப் போவதால் விவாதம் கிட்டத்தட்ட முழுமையாகவே எல்லாருக்கும் தெரியும். 2023 ஜூனில் குழு விவாதத் தளமான ரெடிட், பிற செயலிகள் தன்னோடு இணைய உதவும் ஏபிஐ வசதிக்கு விதித்த கட்டணத்தை எதிர்த்துப் பலர் வெளியேறியபோது லெமி வேகமாக வளர்ந்ததற்கு இந்தக் குழு வடிவம் பழகியதாக இருந்ததும் ஒரு காரணம். குழு பிறந்த சர்வர் மூடப்பட்டால் குழுவும் அதோடு நின்றுவிடும் என்பது இதன் பலவீனம்.

அரசியல் பேச்சு ஏன் துண்டு துண்டாகிறது

அரசியல் பதிவுக்கு வரும் மறுமொழிகள் எல்லாச் சர்வருக்கும் ஒரேபோல் போய்ச் சேர்வதில்லை. மறுமொழி எழுதுபவரின் சர்வர் அதை மூலப் பதிவரின் சர்வருக்கும், மறுமொழி எழுதியவரைப் பின்தொடர்பவர்களின் சர்வர்களுக்கும்தான் அனுப்பும். மூலப் பதிவரைப் பின்தொடரும் மற்றவர்களுக்கு அது கிடைக்க வேண்டுமானால், மூலச் சர்வர் அதை மறுபடி கடத்த வேண்டும். ஆக்டிவிட்டிபப் தரநிலையே இந்தக் கடத்தலைச் சொல்கிறது. ஆனால் கடத்தப்படும் மறுமொழி உண்மையானது என்று காட்ட அதற்குள்ளேயே தனிக் கையொப்பம் ஒன்று வேண்டும். பல மென்பொருள்கள் அதை இடுவதில்லை. பகிர்வு வழியாக மட்டும் பதிவைப் பெற்ற சர்வர்களோ கடத்தல் பட்டியலிலேயே இருப்பதில்லை.

மூலச் சர்வரில் 40 மறுமொழிகள் இருக்கும்போது உங்கள் திரையில் மூன்றே தெரிவது இப்படித்தான். புள்ளிவிவரம் தவறு என்று ஏற்கெனவே பத்துப் பேர் சுட்டிக்காட்டி, எழுதியவரும் ஒப்புக்கொண்டிருப்பார். அது தெரியாமல் பதினோராவது ஆள் அதையே கடுமையாகச் சொல்வார். எழுதியவருக்கு அது கூட்டுத் தாக்குதலாகப் படும். மாஸ்டடானின் அண்மைப் பதிப்புகள் மூலச் சர்வரிடம் கேட்டு விடுபட்ட மறுமொழிகளை வரவழைக்கின்றன. எல்லாச் சர்வரும் அந்தப் பதிப்புக்கு வரவில்லை என்பதால், சூடான விவாதத்தில் மறுமொழி எழுதுமுன் ‘மூலப் பக்கத்தில் திற’ என்பதை அழுத்தி முழு இழையையும் பார்த்துவிடுவது நல்லது. பத்து வினாடி வேலை, பல மனக்கசப்புகளைத் தவிர்க்கும்.

எதைப் பேசலாம், கூடாது என்று முடிவு செய்யும் தலைமையகம் இங்கே இல்லை. 2019 நவம்பரில், வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதை ஒட்டி இந்தியாவிலிருந்து பெரும் எண்ணிக்கையில் ஆட்கள் மாஸ்டடானுக்கு வந்ததற்கு அதுதான் ஈர்ப்பு. ஆனால் ஒவ்வொரு சர்வருக்கும் விதிகளைக் காக்கும் மட்டுறுத்துநர் உண்டு. பிற சர்வர்கள் மீது அவரிடம் இரண்டு ஆயுதங்கள் உண்டு. கட்டுப்படுத்தினால், அந்த சர்வரின் பதிவுகள் ஏற்கெனவே பின்தொடர்பவர்களுக்கு மட்டும் தெரியும். துண்டித்தால் நகல்கள் வருவது நின்றுவிடும், இரு பக்கத்துப் பின்தொடர்தல்களும் அறுந்துவிடும், பிறகு தடையை நீக்கினாலும் அவை தானாக ஒட்டிக்கொள்வதில்லை. 2019 ஜூலையில் கேப் என்ற தீவிர வலதுசாரித் தளம் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியபோது பெரும்பாலான சர்வர்கள் அதைத் துண்டித்தன. மென்பொருள் கட்டற்றது என்பதால் கேப் அதைப் பயன்படுத்துவதை யாரும் தடுக்க முடியவில்லை, நகலை வாங்க மறுக்க முடிந்தது. 2023 ஜூனில் பீஹா என்ற லெமி சர்வர், லெமி.வேர்ல்டு உள்ளிட்ட இரண்டு பெரிய சர்வர்களைத் துண்டித்தது. அந்த இரண்டிலும் யாரும் தடையின்றிக் கணக்குத் தொடங்க முடிந்ததால் வந்த தொல்லையைத் தன் சில மட்டுறுத்துநர்களால் சமாளிக்க முடியவில்லை என்பதே காரணம். கொள்கைச் சண்டையைவிட ஆள் பற்றாக்குறை பல துண்டிப்புகளுக்குப் பின்னால் இருக்கிறது.

அந்தரங்கம்

மாஸ்டடானின் ‘குறிப்பிட்டவர்களுக்கு மட்டும்’ என்ற பதிவு, அதாவது தனிச்செய்தி, இரு முனையும் பூட்டிய ரகசியச் செய்தி அல்ல. அது யாருக்குப் போக வேண்டும் என்று குறிக்கப்பட்ட சாதாரணப் பதிவுதான். அனுப்பியவர் சர்வரின் தரவுத்தளத்திலும் பெறுபவர் சர்வரின் தரவுத்தளத்திலும் படிக்கக்கூடிய வடிவில் கிடக்கும். 2023 மே மாதம் அமெரிக்காவில் கொலெக்டிவா என்ற இடதுசாரி சர்வரின் நிர்வாகி ஒருவர் வீட்டை எஃப்பிஐ வேறொரு வழக்கில் சோதனையிட்டது. அப்போது அந்த சர்வரின் குறியாக்கம் செய்யப்படாத காப்பு நகலும் கையகப்பட்டது. பயனர்களின் மின்னஞ்சல் முகவரி, பதிவுகள், தனிச்செய்திகள் எல்லாம் அதில் இருந்தன. வழக்குக்கும் அந்தப் பயனர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ரகசியம் பேச வேண்டுமானால் அப்படிப் பூட்டி அனுப்பும் சிக்னல் செயலிக்குப் போய்விடுங்கள்.

அடிக்கடி நடக்கும் விபத்து இதைவிடச் சிறியது. தனிச்செய்தியில் மூன்றாமவரைப் பற்றிப் பேசும்போது அவருடைய முழு முகவரியை @ குறியோடு எழுதினால், அவரும் பெறுநராகச் சேர்ந்துவிடுவார். பேசியது அப்படியே அவர் கைக்குப் போகும். தனிச்செய்திகளில் @ குறியைத் தவிர்த்துப் பெயரை மட்டும் எழுதுங்கள்.

‘பின்தொடர்வோருக்கு மட்டும்’ என்பதற்குக் காவல், பெறும் சர்வர்களின் நேர்மைதான். அதோடு, பின்தொடர்வதற்கு உங்கள் ஒப்புதல் தேவை என்ற அமைப்பை இயக்காவிட்டால் யாரும் வந்து சேர்ந்துகொள்ளலாம் என்பதால் அந்தப் பூட்டுக்குப் பொருளே இல்லை. லெமியில் நீங்கள் இடும் ஆதரவு, எதிர்ப்பு வாக்குகளும் உங்கள் பெயரோடுதான் சர்வர்களுக்கிடையே போகின்றன, நிர்வாகிகளால் பார்க்க முடியும். அரசியல் கருத்தை மறைத்துவைக்க நினைப்பவர் வாக்கையும் யோசித்தே இட வேண்டும்.

பதிவை அழித்தால் ‘அழி’ என்ற செய்தி பிற சர்வர்களுக்குப் போகும். ஒழுங்கான சர்வர் அழிக்கும். அந்த நேரம் படுத்திருந்த சர்வரோ, பதிவின் இணைப்பைத் தேடி நகலெடுத்த சர்வரோ வைத்துக்கொண்டிருக்கலாம். அரிய பறவையின் கூடு போன்ற படங்களில் இருப்பிடத் தகவலை மென்பொருள் நீக்கிவிடும் என்று நம்பியிராமல், பதிவேற்றுமுன் நீங்களே நீக்குவது அவசியம். போன நகலைத் திருப்பி வாங்க முடியாது.

உங்கள் முகவரி சர்வரின் டொமைன் பெயரோடு கட்டப்பட்டது. 2024 பிப்ரவரியில் குயர்.ஏஎஃப் என்ற சர்வர், தாலிபான் ஆட்சியில் இருந்த ஆப்கானிஸ்தானின் நாட்டுக் குறியீடான .ஏஎஃப் தன் பெயரில் இருந்ததால் தன் டொமைனை இழந்தது. வேறு சர்வருக்கு மாறப் புதிய கணக்கில் பழைய கணக்கை மாற்றுப்பெயராகச் சேர்க்க வேண்டும், பிறகு பழைய கணக்கிலிருந்து இடமாற்றத்தைத் தொடங்க வேண்டும். பின்தொடர்வோர் தானாக வந்துவிடுவார்கள், பழைய பதிவுகள் வராது, அடுத்த 30 நாள்களுக்கு மறுபடி மாற முடியாது. இடமாற்றச் செய்தியில் கையொப்பமிட வேண்டியது பழைய சர்வர் என்பதால், அது திடீரென மறைந்துவிட்டால் பின்தொடர்வோரை மீட்க வழி இல்லை. நீங்கள் பின்தொடர்பவர்கள், தடுத்தவர்கள், புத்தகக்குறிகள் ஆகிய பட்டியல்களை அமைப்புகளின் ஏற்றுமதிப் பக்கத்திலிருந்து சிஎஸ்வி (எளிய அட்டவணை) கோப்பாக எப்போது வேண்டுமானாலும் இறக்கலாம். பதிவுகளும் படங்களும் அடங்கிய முழுத் தொகுப்பை ஏழு நாள்களுக்கு ஒருமுறை கேட்டுப் பெறலாம். மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் இறக்கி உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள்.