சி.ஓ. 197: ஒரு மறுப்பும் ஏழு மாதமும்

சென்னையில் இரவு ஏழு மணிக்கு ஆபீஸ் கேபில் ஏறி, விடியற்காலை நாலரைக்கு வீடு திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருத்தி. அமெரிக்க மருத்துவமனைகளுக்கான பில்லிங் வேலை. முதல் ஐந்து வருடம், வராத பணத்தைக் கேட்டு இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போன் செய்யும் ஏ.ஆர். காலர், இப்போது ஒரு டினையல் டீமைப் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் 13 வருடம். அமெரிக்காவில் எல்லோருக்கும் ஒரே அரசு மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று நான் சொன்னால் கூட வேலை பார்ப்பவர்களே விநோதமாகப் பார்க்கிறார்கள். அப்படி ஒன்று வந்தால் முதலில் போவது எங்கள் வேலைதான். தெரிந்துதான் சொல்கிறேன்.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே டாக்டர் வைத்தியம் பார்த்ததும் மருத்துவமனை அதைக் கோடு எனப்படும் குறியீட்டு எண்களாக மாற்றி, பணம் கேட்கும் கிளைமாக இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பும். கம்பெனி பணம் கொடுக்கலாம், குறைத்துக் கொடுக்கலாம், மறுக்கலாம். மறுத்தால் அது டினையல். ஒவ்வொரு டினையலுக்கும் ஒரு காரண எண் உண்டு. சி.ஓ. 29 என்றால் கெடு தாண்டி அனுப்பிவிட்டீர்கள். சி.ஓ. 50 என்றால் இந்த வைத்தியம் தேவையே இல்லை என்று கம்பெனி நினைக்கிறது. சி.ஓ. 197 என்றால் முன் அனுமதி இல்லை. காரணத்தைக் கேட்டு, போனில் பேசி, பேப்பர் அனுப்பி, அப்பீல் போட்டுப் பணத்தை வாங்குவதுதான் எங்கள் பிழைப்பு.

ஒரு கேஸ் இன்னும் மனதில் இருக்கிறது. அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியே சொல்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. விடாத தலைவலி, ஒரு கண்ணில் பார்வை மங்கல். டாக்டர் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எழுதினார். கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றாமல் எடுக்கும் ஸ்கேனுக்கு, அதாவது 70551 என்ற கோடுக்கு, இன்சூரன்ஸ் முன் அனுமதி கொடுத்தது. ஸ்கேன் எடுக்கும்போது ரேடியாலஜிஸ்ட்டுக்கு ஏதோ சந்தேகம். மருந்து ஏற்றி மறுபடியும் எடுங்கள் என்றார். நல்ல டாக்டர் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். ஆனால் அப்போது கோடு 70553 ஆகிவிடுகிறது. அனுமதி வாங்கிய எண் வேறு, அனுப்பிய எண் வேறு. சி.ஓ. 197. முழுத் தொகையும் மறுப்பு.

அந்த ஒரு கிளைமுக்காக 11 தடவை போன் பேசினோம். ஒவ்வொரு தடவையும் அரை மணி, முக்கால் மணி நேரம் ஹோல்டில் இசை கேட்க வேண்டும். எடுத்துப் பேசுபவர் சில இரவுகளில் மணிலாவில் இருப்பார், சில இரவுகளில் ஹைதராபாத்தில் இருப்பார். அமெரிக்காவில் ஒரு பெண்ணின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்ததற்குக் காசு தரலாமா வேண்டாமா என்று, அவரைப் பார்த்தே இராத நாங்கள் இருவர் நடுராத்திரியில் வாதாடிக்கொண்டிருப்போம். டாக்டரின் கடிதம், ரேடியாலஜி ரிப்போர்ட், முதல் அப்பீல், இரண்டாவது அப்பீல். ஏழாவது மாதம் பணம் வந்தது.

அதற்குள் மருத்துவமனையின் சிஸ்டம் தானாகவே அந்தப் பெண்மணிக்கு ஒரு ஸ்டேட்மென்ட் அனுப்பிவிட்டது. அவர் போன் செய்திருக்கிறார். யாரோ அக்கவுன்ட் நோட்ஸில் ஒரே வரி எழுதி வைத்திருந்தார்கள்: பில் காரணமாக நியூராலஜி அப்பாயின்ட்மென்ட்டை பேஷண்ட் ரத்து செய்துவிட்டார். நான் அந்த வரியைப் பார்த்தது பணம் வந்து, அக்கவுன்ட்டை மூடும்போது. அப்புறம் அவர் டாக்டரைப் பார்த்தாரா, கண் என்ன ஆயிற்று, எனக்குத் தெரியாது. எங்கள் ஸ்கிரீனில் அது வராது.

இந்தக் கதையில் விதியை மீறியவர்கள் யாருமே இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது. மருத்துவமனை எங்கள் கம்பெனிக்குக் காசு கொடுக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனி அந்தப் பக்கம் பேசுபவருக்கும், பேப்பரைப் பரிசீலிக்கும் நர்ஸுக்கும் டாக்டருக்கும் சம்பளம் கொடுக்கிறது. எல்லாமே மக்கள் கட்டும் பிரீமியத்திலிருந்து போகிறது. 2017-ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து ஹிம்மல்ஸ்டைன், வூல்ஹேண்ட்லர் என்ற டாக்டர்கள் செய்த ஆய்வு, அமெரிக்க மருத்துவச் செலவில் 34.2 சதவீதம் நிர்வாகத்துக்கே போகிறது என்றது. கனடாவில் அது 17 சதவீதம். அவர்கள் இருவரும் ஒரே பேயர் முறைக்காக, அதாவது எல்லோருடைய மருத்துவ பில்லையும் ஒரே அரசுக் காப்பீடு கட்டும் முறைக்காக, பல வருடமாகக் குரல் கொடுப்பவர்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் என் வேலையைப் பார்த்தவளுக்கு அந்தக் கணக்கு ஆச்சரியமாக இல்லை.

எங்கள் டீமில் புதிதாக வருபவர்கள் எல்லோரும் மெடிகேர் அக்கவுன்ட் கிடைக்காதா என்று கேட்பார்கள். மெடிகேர் என்பது 65 வயதானவர்களுக்கான அரசுக் காப்பீடு. லிண்டன் ஜான்சன் 1965-இல் கையெழுத்திட்டது. அரசு நேரடியாக நடத்தும் மெடிகேரில் நாடு முழுக்க அடிப்படை விதிகள் ஒன்றே, அவை வெளிப்படையாக இருக்கின்றன. பெரும்பாலான சேவைகளுக்கு முன் அனுமதி கேட்பதில்லை. கிளைம் அனுப்ப ஒரு வருடம் அவகாசம். சரியாக அனுப்பினால் இரண்டு வாரம் கழிந்ததும் பணம் வரத் தொடங்கும். தனியார் கம்பெனிகளுக்கோ ஆளுக்கொரு கெடு, ஆளுக்கொரு ஃபாரம், ஆளுக்கொரு வெப்சைட். அவற்றுக்குள்ளேயே பிளானுக்குப் பிளான் விதி மாறும். இப்போது மெடிகேர்காரர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தனியார் நடத்தும் அட்வான்டேஜ் பிளான்களுக்குப் போய்விட்டார்கள். அந்தப் பிளான்களோடு முன் அனுமதித் தொல்லையும் சேர்ந்தே வருகிறது. நேரடி மெடிகேரும் குறையில்லாதது அல்ல. டாக்டர் கட்டணத்தில் 20 சதவீதம் நோயாளி தலையில் விழும், அதற்கு உச்சவரம்பும் கிடையாது. எல்லோருக்கும் விரிவாக்கும்போது அந்த ஓட்டையை அடைத்தே ஆக வேண்டும்.

ஒரே பேயர் என்றதும் எல்லா ஆஸ்பத்திரியையும் அரசு எடுத்துக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. கனடாவில் பெரும்பாலான டாக்டர்கள் தனியாகத்தான் தொழில் செய்கிறார்கள். பில் மட்டும் மாகாண அரசுக்குப் போகிறது. தைவான் 1995-இல் பல காப்பீடுகளை ஒன்றாக்கி, இன்று ஏறக்குறைய எல்லோரையும் ஒரே கார்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. எதிர்ப்பு இல்லாமல் இது எங்கேயும் நடந்ததில்லை. கனடாவின் சஸ்காச்செவனில் 1962-இல் திட்டம் தொடங்கியபோது டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிறகு நாடு முழுக்க அதே வழிக்கு வந்தது.

அமெரிக்கா ஏன் வரவில்லை? ஒரு காரணம், காப்பீடு அங்கே வேலையோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில், 1942-இல், சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு வந்தது. கூடுதல் சம்பளம் தர முடியாத முதலாளிகள் ஆள் பிடிக்க மருத்துவக் காப்பீட்டைக் கொடுத்தார்கள். போர் முடிந்தது, பழக்கம் நிலைத்துவிட்டது.

அதன் விலை என்ன என்பதை என் சித்தி மகன் வழியாகப் பார்த்தேன். டெக்சாஸில் எச்-1பி விசாவில் இருந்தான். லேஆஃப். வேறு வேலை தேட 60 நாள். மனைவிக்கு ஆறாவது மாதம். "அக்கா, வேலை போனது பரவாயில்லை, இன்சூரன்ஸும் சேர்ந்து போச்சே" என்றான். "கோப்ரா எடுத்துக்கோப்பா, பழைய பிளான் அப்படியே தொடரும்" என்றேன். அது நல்ல வழிதான். ஆனால் முதலாளி கட்டிவந்த பங்கையும் நாமே கட்டி, நிர்வாகத்துக்கு 2 சதவீதமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 2024-இல் வேலை வழியாக வரும் குடும்பக் காப்பீட்டின் சராசரி பிரீமியம் வருடத்துக்கு 25,572 டாலர். சம்பளமே இல்லாத மாதத்தில் 2,000 டாலருக்கு மேல் அவன் கட்டினான்.

வரி ஏறுமே என்பார்கள். ஏறும். பதிலுக்கு இந்தப் பிரீமியம், காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்டும் டிடக்டிபிள், டாக்டரைப் பார்க்கும்போது கட்டும் கோபே எல்லாம் போகும் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் 2020-இல் ஐந்து மாதிரிகளை ஆராய்ந்தது. வடிவமைப்பைப் பொறுத்து 2030-இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவு சுமார் 70,000 கோடி டாலர் குறையலாம், அல்லது 30,000 கோடி டாலர் கூடலாம் என்றது. எனவே எப்படிச் செய்தாலும் மிச்சம் என்று நான் சொல்ல மாட்டேன். கனடாவில் அவசரமில்லாத ஆபரேஷன்களுக்கு நீண்ட காத்திருப்பு இருப்பதும் உண்மை. ஆனால் 2023-இல் 4.9 லட்சம் கோடி டாலர் செலவழித்த நாட்டில் சுமார் 2 கோடியே 60 லட்சம் பேருக்குக் காப்பீடே இல்லை. அவர்களுடைய காத்திருப்பை யாரும் எந்தப் பட்டியலிலும் எழுதுவதில்லை.

இதற்கான மசோதாவை 2019-இல் பிரதிநிதிகள் சபையில் கொண்டுவந்தவர் சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால். இன்னும் சட்டமாகவில்லை. அங்கே குடியுரிமை வாங்கி ஓட்டுப் போடும் நம்மவர்கள், உங்கள் தொகுதிப் பிரதிநிதியின் அலுவலகத்துக்கு ஒரு போன் செய்யுங்கள். உங்கள் வீட்டுக்கு வந்த டினையல் ஒன்றை அப்படியே சொல்லுங்கள், அது போதும்.

எங்கள் வேலை? போகும், அல்லது வெகுவாகக் குறையும். வேறு தொழில் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். எனக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது, பயம் இல்லை என்று சொல்லவில்லை.

அதுவரை டினையல் கடிதம் வந்தால் செய்ய வேண்டியவை உண்டு. பில்லைப் பார்த்த பயத்தில் உடனே கட்டிவிடாதீர்கள். செலவு வாரியாகப் பிரித்த பில்லைக் கேளுங்கள். பெரும்பாலான பிளான்களில் அப்பீல் செய்ய 180 நாள் அவகாசம் உண்டு. அதிலும் மறுத்தால் வெளியாரின் பரிசீலனையைக் கேட்கலாம். அரசின் ஹெல்த்கேர்.காவ் தளத்தில் விற்கும் பிளான்களில் 2023-இல் நெட்வொர்க்குக்குள்ளான, அதாவது பிளானோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்கள், மருத்துவமனைகள் அனுப்பிய, கிளைம்களிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒன்று மறுக்கப்பட்டது. அப்பீல் செய்தவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. லாப நோக்கமில்லாத மருத்துவமனை என்றால் வருமானம் குறைந்தவர்களுக்கு நிதியுதவித் திட்டம் வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம், முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். அப்புறம், இன்சூரன்ஸோடு பேசி முடித்ததும் அந்த அழைப்பின் ரெஃபரன்ஸ் நம்பரைக் கேட்டு, தேதியோடும் பேசியவர் பெயரோடும் எழுதி வையுங்கள். அடுத்த தடவை நீங்கள் பேசும்போது வேறொருவர் எடுப்பார், முதலில் அதைத்தான் கேட்பார்.