முகவரிப் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை: நீக்கும் முன் கவனிக்க வேண்டியவை

அலுவலக மின்னஞ்சலில் பெறுநரைத் தேடும்போது ஒரே ஊழியரின் பெயர் இரண்டு வரிகளில் வந்தால், பெரும்பாலோர் கைக்கு வந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குச் சென்றுவிடுகிறார்கள். மைக்ரோசாஃப்ட்டின் அலுவலக அஞ்சல் சர்வரான எக்ஸ்சேஞ்சின் பழைய பதிப்புகளைப் பராமரித்த அனுபவத்தில் சொல்கிறேன்: அந்த இரண்டு வரிகளில் ஒன்று, இப்போது யாரும் திறந்து பார்க்காத ஓர் அஞ்சல் பெட்டிக்குச் செல்வதாக இருக்கக்கூடும்; அப்படிச் சென்ற கடிதம் திரும்பி வருவதும் இல்லை, அனுப்பியவருக்குத் தெரிவதும் இல்லை. இரட்டைப் பதிவைக் கண்டவுடன் ஒன்றை அழித்துவிடுவதும் அதே அளவு ஆபத்தானது. அது எங்கே இருக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

எக்ஸ்சேஞ்ச் அஞ்சலைக் கணினியில் படிக்கும் மென்பொருளான அவுட்லுக் காட்டும் பெயர்கள் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. நிறுவனம் முழுமைக்குமான பொது முகவரிப் பட்டியல், ஊழியர்களின் பயனர் கணக்குகளைச் சர்வரில் வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியிலிருந்து வருகிறது. ஊழியர் தாமே சேமித்த தொடர்புகள் அவருடைய அஞ்சல் பெட்டியில் இருக்கின்றன. பெறுநர் கட்டத்தில் இரண்டு எழுத்துகளைத் தட்டியவுடன் விரியும் பெயர்களோ, முன்பு யாருக்கெல்லாம் அனுப்பினோம் என்ற நினைவிலிருந்து வருகின்றன. அவுட்லுக் 2007 வரை அந்த நினைவு கணினியிலேயே என்கே2 என்ற கோப்பாக இருந்தது. ஆகவே புகார் வந்ததும் நான் முதலில் செய்வது, புகார் சொன்னவரை உலாவி வழியாக மின்னஞ்சலுக்குள் நுழைந்து பொதுப் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடச் சொல்வதுதான். உலாவி வழித் தேடல் நேரடியாக டைரக்டரியைக் கேட்கிறது. அங்கே பெயர் ஒரு முறைதான் வருகிறது என்றால் சர்வரில் எதையும் தொட வேண்டியதில்லை. சிக்கல் அந்தக் கணினியிலோ அவருடைய சொந்தத் தொடர்புகளிலோ இருக்கிறது.

சொந்தத் தொடர்புகளில் இரட்டிப்பு வருவதற்குக் காரணங்கள் எளியவை. பழைய கோப்பிலிருந்து தொடர்புகளை இறக்குமதி செய்யும்போது நகல்களை அனுமதிக்கும் தெரிவை விட்டுவைத்திருப்பார்கள். அல்லது ஒரே நபருக்கு மின்னஞ்சலோடு ஃபேக்ஸ் எண்ணையும் பதிந்திருப்பார்கள். அவுட்லுக் ஃபேக்ஸ் எண்ணையும் ஒரு முகவரியாகக் கருதித் தனி வரியாகக் காட்டும். எண்ணைக் குறிப்புப் பகுதிக்கு மாற்றினால் அந்த வரி மறைந்துவிடும்.

சர்வரில் திருத்தம் செய்த பிறகும் பழைய பெயர் தெரிகிறது என்று சொல்பவர்கள் உண்டு. அஞ்சலின் பிரதியைக் கணினியிலேயே வைத்துக்கொள்ளும், அவுட்லுக் 2003 முதல் வந்த கேஷ் முறையில், பொதுப் பட்டியலின் பிரதியாகக் கணினியில் உள்ள ஆஃப்லைன் முகவரிப் புத்தகத்தைத்தான் அவுட்லுக் படிக்கிறது. சர்வர் அதை வழக்கமாக நாளுக்கு ஒரு முறை புதுப்பிக்கிறது, அவுட்லுக் அதை நாளுக்கு ஒரு முறை இறக்கிக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்தால் மாற்றம் கண்ணில் பட 48 மணி நேரம் வரை ஆகலாம். அவசரமென்றால் சர்வரில் புத்தகத்தைப் புதுப்பித்து, அவுட்லுக்கில் முழுமையாக இறக்கிக்கொள்ளலாம். இது புரியாமல் இரண்டாவது பதிவையும் அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உண்மையான இரட்டைப் பதிவு, பெரும்பாலும் கிளை அலுவலகமோ வேறு நிறுவனமோ இணைக்கப்பட்ட இடங்களில்தான் இருக்கும். இணைப்பின் தொடக்கத்தில் அங்குள்ள ஊழியர்களை வெளித் தொடர்புகளாகப் பட்டியலில் சேர்த்திருப்பார்கள்; அவர்களுக்கு அனுப்பும் கடிதம் அவர்களுடைய பழைய சர்வருக்குச் செல்லும். சில மாதங்கள் கழித்து அவர்களுக்குப் புதிய சர்வரில் அஞ்சல் பெட்டி திறப்பார்கள், பழைய தொடர்பை யாரும் நீக்க மாட்டார்கள். பழைய சர்வர் ஓடிக்கொண்டிருக்கும் வரை, அந்தத் தொடர்பைத் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு கடிதமும் அங்கே போய்க் குவிந்துகொண்டே இருக்கும். குழு முகவரிகளில் நிலைமை இன்னும் மோசம்: குழுவில் உறுப்பினராக இருப்பது பழைய தொடர்பு என்றால், அந்த ஊழியருக்குக் குழுக் கடிதம் எதுவும் வராது. ஆகவே தொடர்பை நீக்கும் முன் அது எந்தெந்தக் குழுக்களில் உள்ளது என்று பார்த்து, அங்கெல்லாம் அஞ்சல் பெட்டிக்குரிய பதிவைச் சேர்க்க வேண்டும்.

அதைவிட அடிக்கடி தவறவிடப்படுவது ஒன்று உண்டு. எக்ஸ்சேஞ்ச் தன் உள் அஞ்சல்களில் பெறுநரை அடையாளம் காண்பது நாம் படிக்கும் மின்னஞ்சல் முகவரியால் அல்ல. லெகசி எக்ஸ்சேஞ்ச் டிஎன் என்ற உள் முகவரியால்தான். பதிவை அழித்துவிட்டால், பழைய கடிதங்களுக்குப் பதில் எழுதுபவர்களுக்கும், அவுட்லுக்கின் நினைவிலிருந்து பெயரைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கும் 5.1.1 என்ற பிழையோடு, அதாவது அப்படி ஒரு பெறுநர் இல்லை என்று, கடிதம் திரும்பும். முகவரி சரியாகத்தானே இருக்கிறது என்று அவர்கள் திகைப்பார்கள். அழிப்பதற்கு முன் அந்த உள் முகவரியைப் பிரதி எடுத்து, நிலைக்கப்போகும் பதிவில் எக்ஸ்500 வகைக் கூடுதல் முகவரியாகச் சேர்த்துவிட்டால் இது நேராது. சந்தேகம் இருக்கும் வரை பதிவை அழிக்காமல், பட்டியலிலிருந்து மறைத்து வைப்பதே நல்லது. குறிப்பாக, பயனர் கணக்கோடு இணைந்த பதிவை டைரக்டரியில் அழித்தால் கணக்கே போய்விடும். அஞ்சல் பெட்டியை மீட்க இயல்பாகக் கிடைக்கும் அவகாசம் 30 நாட்கள்.

இரண்டு பதிவுகள் ஒரே மின்னஞ்சல் முகவரியைச் சுமந்திருந்தால், எக்ஸ்சேஞ்ச் 2003-இல் 5.1.4 என்ற பிழை வரும். யாருக்குச் சேர்ப்பது என்று சர்வரால் முடிவு செய்ய இயலவில்லை என்பது அதன் பொருள். மாறாக, இரண்டு வரிகளும் உண்மையிலேயே இரண்டு மனிதர்களாக இருப்பதும் உண்டு. முதலெழுத்தும் பெயருமாக எழுதும் நம் அலுவலகங்களில் ஓர் எஸ். குமார் கணக்குப் பிரிவிலும் இன்னொருவர் கிடங்கிலும் இருப்பது வியப்பல்ல. சம்பள விவரம் தவறானவர் கைக்குப் போகாமலிருக்க, பட்டியலில் தெரியும் காட்சிப் பெயரிலேயே பிரிவையோ ஊரையோ சேர்க்க வேண்டும்.

எக்ஸ்சேஞ்ச் 2003-க்கான ஆதரவு 2014-லும், 2007-க்கானது 2017-லும், 2010-க்கானது 2020-லும் முடிந்துவிட்டது. இவற்றிலிருந்து மைக்ரோசாஃப்ட்டின் இணைய வழிச் சேவையான மைக்ரோசாஃப்ட் 365-க்கு மாறும் அலுவலகங்கள், தங்கள் டைரக்டரியை அதனுடன் ஒத்திசைக்கும் முன்னரே இந்தச் சுத்தத்தைச் செய்துவிட வேண்டும். ஒரே முகவரி இரண்டு பதிவுகளில் இருந்தால் ஒத்திசைவு பிழை காட்டும். அவற்றை முன்கூட்டியே கண்டறிய மைக்ரோசாஃப்ட் ஐடிஃபிக்ஸ் என்ற இலவசக் கருவியை வழங்குகிறது. அது காட்டும் ஒவ்வொரு வரியையும், எந்தப் பெட்டி உண்மையில் பயன்பாட்டில் உள்ளது என்று உரிய ஊழியரிடம் கேட்ட பிறகே திருத்துங்கள்.