400 மீற்றரின் கடைசி நூறு

தை, மாசியில் மட்டக்களப்புப் பக்கம் எந்தப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனாலும் இல்ல விளையாட்டுப் போட்டிதான். அதில் 400 மீற்றர் ஓடுகிற பிள்ளைகளைப் பாருங்கள்: முன்னூறு வரை பறப்பார்கள், கடைசி நூறில் கால் கல்லாகிவிடும். கயிற்றுக்கு வெளியே நிற்கிற யாராவது உடனே "லக்ரிக் அமிலம் ஏறிட்டுது" என்பார். பழைய கதை, இன்னும் சாகவில்லை.

தசை சுருங்க ஏ.டி.பி. என்ற, உடனடிச் சக்தி தரும் மூலக்கூறு வேண்டும். அதன் கையிருப்பு ஓரிரு செக்கனுக்குத்தான் காணும். தசையில் சேமித்திருக்கிற கிரியேற்றின் பொசுபேற்று என்ற பொருள் அதை நிரப்பிக்கொண்டே வரும், முழு வேகத்தில் ஓடினால் பத்துச் செக்கன் அளவில் அதுவும் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஒட்சிசனைக் கொண்டு சக்தி எடுக்கிற வழி ஆரம்பத்திலிருந்தே நடந்தாலும் இந்த வேகத்துக்குக் காணாது என்பதால், தசையில் சேமித்த மாச்சத்தான கிளைக்கோஜனை ஒட்சிசனுக்குக் காத்திராமல் உடைக்க வேண்டியதுதான்.

அப்போதுதான் லக்ரேற்றும் (லக்ரிக் அமிலம் உடலில் இருக்கிற வடிவம்) தசையைப் புளிக்கவைக்கிற ஐதரசன் அயன்களும் சேர்கின்றன. தொடை காந்துவதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. ஆனால் பலத்தை அதிகம் கெடுப்பது, கிரியேற்றின் பொசுபேற்று உடைந்து குவிகிற பொசுபேற்று. அது தசையைச் சுருக்குகிற புரத இழைகளின் பிடியைத் தளர்த்தும், தசைக்குள் கல்சியம் வெளிவருவதையும் குறைக்கும். கல்சியம் வராவிட்டால் மூளை எவ்வளவு கத்தினாலும் தசை கேட்காது. லக்ரேற்றோ வீணாகப் போவதில்லை, இதயம் அதை எரித்துக்கொள்கிறது, ஈரல் மறுபடி குளுக்கோசாக்குகிறது. ஈரல் வழியாகப் போகிற இந்தச் சுற்றுக்கு, 1947இல் நோபல் பரிசு பெற்ற கார்ல், கேர்ட்டி கோரி தம்பதியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஓடி முடித்து மூச்சிரைக்க நிற்கும்போதே பழுதுபார்ப்பு தொடங்கிவிடும். கிரியேற்றின் பொசுபேற்று சில நிமிடங்களில் பெரும்பாலும் திரும்பிவிடும். லக்ரேற்று ஒரு மணித்தியாலம் அளவில் பழைய நிலைக்கு வரும், பொத்தென்று விழுந்து கிடக்காமல் மெல்ல நடந்தால் இன்னும் கெதியாக.

சரி, அப்படியென்றால் அடுத்த நாள் படியிறங்க முடியாமல் வருகிற நோ எதனால்? அது வேறு விஷயம். பழக்கமில்லாத வேலையில், அதுவும் நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போது, தசை நார்களில் நுண்ணிய சேதம் வரும், பிறகு அழற்சி. ஒன்றிரண்டு நாளில்தான் உச்சம். இறக்கத்தில் ஓடினால் நிச்சயம். மட்டக்களப்பு தட்டை ஊர், இறக்கத்தைத் தேடித்தான் போகவேண்டும், ஆனால் நிறையக் குந்தி எழும்பினாலும் இதே நோ வரும்.

கிளைக்கோஜன்தான் ஆறுதலாக நிரம்பும். தொண்ணூறு நிமிடம் உதைபந்து ஆடியவருக்கு முழுக்க நிரம்ப இரண்டு மூன்று நாள்கூட எடுக்கலாம். நாளைக்கே அடுத்த ஆட்டம் என்றால் முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள் சோறும் மீனும், பிறகு எருமைத் தயிரும் சாப்பிடுவது நல்லது, அந்த நேரத்தில் தசை குளுக்கோசை வேகமாக இழுக்கும். அடுத்த வாரம்தான் ஆட்டம் என்றால் அவசரமில்லை, வழமையான இராச்சாப்பாடே போதும்.