லோன் கிடைத்துவிட்டதால் அது நல்ல ஏரியா ஆகிவிடாது

போன மாதம் தாம்பரத்துக்குக் கிழக்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மதிப்பீட்டுக்காகப் போயிருந்தேன். வங்கி அனுப்பிய வழக்கமான வேலைதான். அளந்து முடித்து, போட்டோ எடுத்து, வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டிருக்கும்போது வீடு வாங்கும் பெண் கேட்டார்: "சார், இந்த ஏரியா எப்படி? பையனை அடுத்த வருஷம் எல்.கே.ஜி. சேர்க்கணும். அத்தைக்கு முட்டி வலி வேற."

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, விற்பனை ஒப்பந்தம் போட்டாயிற்று, கடனுக்கு மனுவும் கொடுத்தாயிற்று. பி.எஃப். பணத்தை எடுத்து, நகையை அடகு வைத்துத் திரட்டிய தொகை கைமாறிவிட்டது. வீடு பார்க்க நாலு தடவை வந்தார்களாம். நாலு தடவையும் புரோக்கரின் காரில், ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு. தெருமுனையில் இறங்கி நடந்தே பார்க்கவில்லை.

வங்கிப் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளராக வருடக்கணக்கில் சென்னைப் புறநகரைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கேள்வியை இந்த நேரத்தில் கேட்காத குடும்பமே இல்லை என்று ஆகிவிட்டது. நான் தயங்கினால் அடுத்து வரும் பதிலும் மாறுவதில்லை: "பேங்க்கே லோன் குடுக்குது, எல்லாம் செக் பண்ணித்தானே சார் குடுப்பாங்க?"

இதை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். நீங்கள் தவணை கட்ட முடியாமல் போனால் அந்தச் சொத்தை விற்றுத் தன் பணத்தை எடுக்க முடியுமா என்பதுதான் வங்கியின் கவலை. அதற்காக வக்கீல் தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்த்து, விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று சொல்கிறார். நான் கட்டடம் அனுமதி வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா, இன்று என்ன விலைக்குப் போகும், அவசரமாக விற்றால் எவ்வளவு தேறும் என்று எழுதிக் கொடுக்கிறேன். உங்கள் பையன் பள்ளிக்கு எப்படிப் போவான், உங்கள் மாமியார் கோயிலுக்கு எப்படிப் போவார் என்று எங்கள் இருவரிடமும் யாரும் கேட்பதில்லை.

பல வங்கிகளின் மதிப்பீட்டுப் படிவத்தில் மனையின் தன்மை என்று ஒரு பகுதி உண்டு. அடிக்கடி வெள்ளம் சூழ வாய்ப்பு உண்டா, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிறுத்தம், சந்தை வசதிகள் எப்படி, சாலை 20 அடிக்குக் குறைவா கூடுதலா, பாதாளச் சாக்கடை உண்டா என்று வரிசையாகக் கேட்டிருக்கும். வசதிகள் கட்டத்தில் 'அருகில் உள்ளது' என்று எழுதினால் வங்கிக்குப் போதும். இரண்டு கிலோமீட்டரும் அருகில்தான். நடுவில் ஆறுவழிச் சாலை ஓடுகிறதா என்று அந்தக் கட்டம் கேட்காது. வெள்ளக் கட்டத்தில் 'ஆம்' என்று எழுதியும் கடன் கிடைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். விலை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அந்த அறிக்கைக்கான கட்டணத்தைக் கட்டுவது நீங்கள். அதன் நகலை வங்கியிடம் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். என் அனுபவத்தில் கேட்பவர்கள் மிகக் குறைவு.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) அனுமதி இருக்கிறதே என்பார்கள். வேண்டியதுதான், அது இல்லாமல் வாங்கவே கூடாது. ஆனால் அந்த அனுமதி சொல்வது, அந்த இடத்தில் அந்த அளவு கட்டடம் விதிப்படி கட்டலாம் என்பதை. ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் செய்யும் பதிவு, பில்டர் ஒப்புக்கொண்டதைச் செய்யாவிட்டால் முறையிட ஒரு இடம் தருகிறது. இரண்டுமே அந்த மனைக்கும் கட்டடத்துக்கும் உள்ள காகிதங்கள். தெருவுக்கு யாரும் சான்றிதழ் கொடுப்பதில்லை. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

முதலில் மழைத் தண்ணீர். தென்சென்னைப் புறநகரில் வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். செம்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், மடிப்பாக்கம் என்று அந்தப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்புக்குத்தான் வருகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பிறகு பக்கிங்ஹாம் கால்வாய், அப்புறம் முட்டுக்காடு பக்கம் கடல். 2022-இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த அந்தச் சதுப்பைச் சுற்றிலும், ஏரிக்கும் ஏரிக்கும் நடுவிலும்தான் இன்று நாம் வீடு தேடிக்கொண்டிருக்கிறோம். மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் போனால் அடையாறு.

"2015-ல கூட இங்க தண்ணி வரலை சார்" என்று புரோக்கர் சொல்வார். நீங்கள் அவரைக் கேட்கவே வேண்டாம், பழைய வீடுகளைப் பாருங்கள். புது அபார்ட்மெண்ட் எதையும் சொல்லாது. அதன் தரைத்தளம் வண்டி நிறுத்தம்தான். அதே தெருவில் இருபது வருடத்துக்கு முன் கட்டிய தனி வீடு ஏதாவது இருக்கும். வெளியே சம்ப் மோட்டார் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டி அதன்மேல் மோட்டாரை வைத்திருந்தால் காரணம் இல்லாமல் வைக்கவில்லை. இ.பி. மீட்டர் பெட்டிக்குக் கீழே சுவரில், பழைய பெட்டி இருந்த இடத்தைச் சிமெண்ட் பூசி அடைத்த சதுரம் தெரிகிறதா? கேட்டுக்குக் குறுக்கே அரை அடி சுவர் எழுப்பி, வண்டி ஏற இரும்புத் தகடு போட்டிருக்கிறார்களா? நான் முதலில் சொன்ன அந்தக் குடியிருப்பின் தெருவில் இந்த மூன்றும் ஒரே வீட்டில் இருந்தன. வாங்கப்போகும் வீட்டின் ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரியும்.

சாலை மட்டத்தையும் பாருங்கள். பழையதைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே தார் போட்டுப் போட்டு, பல தெருக்களில் வீட்டுக்குள் போகப் படி இறங்க வேண்டியிருக்கிறது. எனவே 2015 டிசம்பரில் தண்ணீர் வரவில்லை என்பது உண்மையாகவே இருந்தாலும், தெரு உயர்ந்த பிறகு வந்த 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் என்ன ஆனது என்று தனியாகக் கேட்க வேண்டும். கேட்க வேண்டிய ஆள் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர், இல்லையென்றால் மளிகைக்கடைக்காரர். அவர்களுக்கு அந்த வீடு விற்றால் கமிஷன் கிடையாது. "தண்ணி வருமா?" என்று கேட்காதீர்கள், "மிக்ஜாம் அப்போ கரண்ட் எத்தனை நாள் இல்லை, பால் எப்படி வாங்கினீங்க?" என்று கேளுங்கள். முழுக் கதையும் வந்துவிடும்.

காகிதத்திலும் தெரியும். தாய்ப்பத்திரத்தில் நான்கெல்லை எழுதியிருக்கும் இடத்தை வக்கீல் உரிமைக்காகப் படிப்பார், நீங்கள் தண்ணீருக்காகப் படியுங்கள். 'வடக்கில் வாய்க்கால்' என்று எழுதியிருந்து, இன்று அந்த வடக்கில் சிமெண்ட் ரோடு இருந்தால் அந்த வாய்க்கால் எங்கே போனது என்று கேட்க வேண்டும். புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) அ-பதிவேட்டையும் (நிலத்தின் வகையைச் சொல்லும் கிராமக் கணக்கு) அரசின் இணையச் சேவையிலேயே எடுக்கலாம். உங்கள் சர்வே எண்ணை மட்டும் பார்க்காமல் பக்கத்து எண்களையும் பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்று ஒட்டி இருந்தால் நின்று யோசியுங்கள். கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் படத்தைப் பின்னோக்கி நகர்த்திப் பார்க்கும் வசதி இருக்கிறது. சம்பளப் பணத்தில் இருபது வருடம் தவணை கட்டப்போகிறவர்கள் ஒரு மாலை நேரத்தை இதற்குச் செலவழிக்கக் கூடாதா?

குடிநீர், கழிவுநீர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை மாநகராட்சி எல்லை 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. எல்லைக்குள் வந்த எல்லா இடத்துக்கும் குழாயும் சாக்கடையும் வந்துவிடவில்லை. கோடையில் வாரத்துக்கு எத்தனை லாரித் தண்ணீர், கழிவுநீர் லாரிக்கு மாதம் எவ்வளவு என்று குடியிருப்போர் சங்கத்தின் மெயின்டனன்ஸ் கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அடுத்தது பள்ளிக்கூடம். விளம்பரத்தில் 'பிரபல பள்ளிகள் 10 நிமிடத்தில்' என்று இருக்கும். வார நாளில் காலை எட்டு மணிக்கு அந்தப் பத்து நிமிடத்தை நீங்களே நடந்து பாருங்கள், ஒரு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு. நடைபாதை இருக்கிறதா, கால்வாய் மூடிகள் இருக்கின்றனவா, மெயின் ரோட்டைக் கடக்கும் இடத்தில் சிக்னல் இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். பள்ளி வேன் தெருவுக்குள் வருமா, முனையிலேயே நின்றுவிடுமா என்று வேன் டிரைவரைக் கேளுங்கள். வேன் திரும்ப முடியாத தெருவில் 108 வண்டியும் திரும்ப முடியாது. வயதானவர்கள் வீட்டில் இருந்தால் இது ஒன்றே போதும், அந்த வீட்டை வேண்டாம் என்று சொல்ல. கட்டாயக் கல்விச் சட்டத்தில் தனியார் பள்ளியில் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு, வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் எந்தப் பள்ளி இருக்கிறது என்பது இன்னும் முக்கியம்.

விளையாட இடம் வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்கி உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அனுமதி வரைபடத்தில் ஓ.எஸ்.ஆர். எனப்படும் அந்தத் திறந்தவெளி இடத்தைக் கண்டுபிடித்து நேரில் போய்ப் பாருங்கள். பூங்காவாக இருக்கிறதா, பூட்டிக் கிடக்கிறதா, செங்கல் அடுக்கி வைத்திருக்கிறார்களா? சாயங்காலம் ஐந்தரைக்குப் போனால் அங்கே குழந்தைகள் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏன் இல்லை என்று ஒரு தாயிடம் கேளுங்கள்.

பக்கத்தில் காலி மனை இருந்தால் 'காற்று வருது' என்று மகிழ்கிறார்கள். அங்கே நாளை என்ன வரலாம்? நகரின் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) அந்த சர்வே எண் எந்த நிலப்பயன்பாட்டில் இருக்கிறது என்று சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் பார்க்கலாம். முதன்மைக் குடியிருப்பா, கலப்புக் குடியிருப்பா, வணிகமா என்பதைப் பொறுத்துத்தான் கல்யாண மண்டபமோ குடோனோ வருவதும் வராததும். டாஸ்மாக் கடைக்குப் பள்ளியிலிருந்தும் கோயிலிலிருந்தும் மாநகராட்சிப் பகுதியில் 50 மீட்டர் தூரம் வேண்டும் என்கிறது விதி. வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் என்று ஒரு கணக்கு அதில் கிடையாது. இதைச் சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

மெட்ரோ வருகிறது, மேம்பாலம் வருகிறது என்று சொல்லி இன்றே அதற்கான விலையை வாங்கிக்கொள்வார்கள். வந்த பிறகு அது உங்கள் வசதி. வரும்வரை தோண்டிய சாலையும் தடுப்பும்தான் உங்கள் குழந்தையின் பள்ளி வழி. எந்த ரயில் நிலையம், வீட்டிலிருந்து நடந்தால் எவ்வளவு தூரம் என்று இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் அந்த வார்த்தைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "நல்ல ஏரியாவா சார்?" என்று கேட்கும் சிலர், கொஞ்சம் பேசியதும் குரலைத் தாழ்த்தி "அக்கம்பக்கம் எல்லாம் யாரு?" என்பார்கள். சாதியும் மதமும்தான் அந்தக் கேள்வி. நான் அதற்குப் பதில் சொல்வதில்லை, சொல்லவும் மாட்டேன். நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யார் வண்டி எடுப்பார்கள் என்பதை அது சொல்லாது. இரவு ஒன்பதரைக்கு அந்தத் தெருவில் போய் நில்லுங்கள். தெருவிளக்கு எரிகிறதா, கடை திறந்திருக்கிறதா, வேலை முடிந்து பெண்கள் தனியாக நடந்து வருகிறார்களா என்று பாருங்கள். பயமில்லாமல் நடக்கிறார்கள் என்றால் உங்கள் மகளும் நடப்பாள்.

தயவுசெய்து இதையெல்லாம் அட்வான்ஸுக்கு முன்னால் செய்யுங்கள். "இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்கு, இன்னைக்கே டோக்கன் போடுங்க" என்று அவசரப்படுத்தினால் போகட்டும் என்று விடுங்கள். டோக்கன் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சிறு தொகையாக, காசோலையில், ரசீதோடு கொடுங்கள். எத்தனை நாளுக்குள் வேண்டாம் என்று சொன்னால் முழுப் பணமும் திரும்பும் என்பதை அந்த ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாங்கிய பிறகு பிடிக்கவில்லை என்று மாற்றுவது எளிதல்ல. பழைய வீடோ மனையோ என்றால் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம் என்று மறுபடியும் முதலிலிருந்து கட்ட வேண்டும்.

முடிந்தவர்கள் அதே தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ முதலில் வாடகைக்குப் போங்கள். வழக்கமான 11 மாத ஒப்பந்தமே போதும். ஆகஸ்டில் குடிபோனால் வடகிழக்குப் பருவமழையையும் பார்த்துவிடலாம், ஏப்ரல், மே மாதத்துத் தண்ணீர் லாரியையும் பார்த்துவிடலாம்; அதற்குள் பையன் ஒரு வருடம் அந்தப் பள்ளிக்குப் போய் வந்திருப்பான்.