பத்து கிலோமீட்டர் வட்டத்தில் காற்று நிற்குமா?

"நிலக்கரி எங்கே எரிந்தாலும் புகை புகைதானே, ஊருக்கு ஒரு சட்டமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். 2025 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கையைப் பற்றிய கேள்வி அது. அனல் மின்நிலையங்கள் எல்லாவற்றுக்கும் 2015இல் கந்தக டை ஆக்சைடு வரம்பு வந்தது. இப்போது டெல்லி வட்டாரத்துக்கோ 10 லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரத்துக்கோ 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை மட்டும் அதைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும். மாசு மிகுந்த ஊர்களை ஒட்டியவற்றுக்குத் தனித்தனியாக முடிவெடுப்பார்கள். மற்றவற்றுக்கு, அதாவது பெரும்பாலானவற்றுக்கு, புகைபோக்கி உரிய உயரத்தில் இருந்தால் போதும்.

ஊருக்கு ஒரு சட்டம் என்பதில் தவறில்லை. கரியமில வாயு உலகம் முழுக்கக் கலந்துவிடும். எந்த ஊரில் ஒரு டன் குறைத்தாலும் பலன் ஒன்றே. கந்தகம் அப்படியில்லை. ஒரு டன்னைப் பிடிக்க இரண்டு ஊர்களில் ஒரே செலவு ஆகலாம். ஆனால் அது செய்யும் கேடு, அதை எத்தனை பேர் சுவாசிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கேடு அதிகமான இடத்தில் அதிகம் செலவிடுவதுதான் பொருளாதாரம்.

சரி, அந்த இடம் எது? எனக்கு மிகவும் பிடித்த வேதியியல் இங்கேதான் இருக்கிறது. புகைபோக்கியை விட்டு வெளிவரும்போது கந்தக டை ஆக்சைடு வெறும் வாயு. வெயிலில் உருவாகும் ஹைட்ராக்சில் அதை மெல்ல மெல்ல ஆக்சிஜனேற்றம் செய்கிறது; மேகத்துளிக்குள் புகுந்துவிட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு அந்த வேலையை விரைவாக முடிக்கிறது. இப்படிப் பிறந்த கந்தக அமிலத்தோடு, வயலில் போட்ட யூரியாவிலிருந்தும் மாட்டுச் சாணத்திலிருந்தும் எழும் அம்மோனியா சேர்கிறது. கிடைப்பது அம்மோனியம் சல்பேட்: நுரையீரலின் ஆழம் வரை போகும் நுண்துகள். மழை கழுவும் வரை நாள்கணக்கில் மிதந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். 10 கிலோமீட்டரைத் தாண்டும்போது அந்த வாயு பெரும்பாலும் வாயுவாகவேதான் இருக்கும். துகளாவது அதற்கு அப்பால்.

உயரமான புகைபோக்கி கேட்டைக் குறைக்காது, தள்ளிவிடும். அமெரிக்கா இதை அனுபவித்தது. 1970க்குப் பிறகு அங்கே புகைபோக்கிகள் உயர்ந்தன, பக்கத்து ஊர்க் காற்று தெளிந்தது. ஓஹியோ பள்ளத்தாக்கின் கந்தகமோ நியூயார்க் மாநிலத்தின் அடிராண்டாக் ஏரிகளில் அமில மழையாக விழுந்து மீன்களைக் கொன்றது. உயரத்தைக் காட்டி வரம்பிலிருந்து தப்ப முடியாதபடி 1977இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 1995இல் தொடங்கிய கந்தக உரிமச் சந்தையிலும் (கந்தகத்தை வெளியிடும் உரிமங்களை மின்நிலையங்கள் வாங்கி விற்கும் ஏற்பாடு) ஒரு டன் எங்கிருந்து வந்தாலும் ஒரு டன்னாகத்தான் எண்ணப்பட்டது. எந்த மாநிலத்தின் புகை எந்த மாநிலத்துக்குப் போகிறது என்று கணக்கிட்டு, செலவையும் பார்த்து வரம்பு வகுத்த விதியை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2014இல்தான் ஏற்றது.

நம் நாட்டிலும் புகைபோக்கி ஒவ்வொன்றுக்கும் அந்தக் கணக்கு வேண்டும் என்பேன். காற்று புகையை எங்கே கொண்டுபோகிறது என்று கணினியில் கணக்கிடும் ஆய்வுகளுக்குத் தாராளமாக நிதி தர வேண்டும். கந்தகம் பிடிக்கும் கருவிகளுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறு தொகை. எண்ணூரையே பாருங்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அங்கத்திய புகை பெரும்பாலும் கடலுக்குப் போகிறது. வடகிழக்குக் காற்று தொடங்கினால் அதே புகைபோக்கியின் புகை சென்னைக்குள் வருகிறது.