அம்மாவைக் கட்டிலில் உட்கார வைக்காதீர்கள்

போன வாரம் ஒரு மகன் தன் அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். அம்மாவுக்கு 71 வயது. இரண்டு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டுவிட்டது. அப்புறமும் அவரைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. "ஒரு துரும்பைக்கூட எடுத்துப்போட விடுறதில்லைங்க. காபி, தண்ணி எல்லாம் கட்டிலுக்கே வந்துடும்" என்றார் மகன். சொல்லும்போது முகத்தில் அவ்வளவு நிறைவு. இதே வார்த்தைகளை இந்த ஒரு மாதத்தில் நான் கேட்பது ஐந்தாவது தடவை.

அம்மாவின் இரண்டு கைகளின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, அவருடைய கெண்டைக்காலைச் சுற்றி வளையம் போடச் சொன்னேன். வளையத்துக்கும் காலுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. சதை அந்த அளவுக்கு வற்றியிருந்தது. "கையை ஊன்றாமல் எழுந்திருங்கம்மா" என்றேன். முன்னும் பின்னும் மூன்று முறை ஆடினார். எழ முடியவில்லை. மகனைத் திரும்பிப் பார்த்தார்.

ஒரு வாரக் காய்ச்சல் மட்டும் ஒரு மனுஷியை இப்படி ஆக்காது. அதற்கப்புறம் வந்த ஏழு வாரப் படுக்கைதான் பெரும்பங்கு செய்தது. 2007இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த, சராசரியாக 67 வயதுக்காரர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை போய்விட்டது. நோயே இல்லாதவர்களுக்குப் பத்து நாளில் அவ்வளவு என்றால், காய்ச்சலில் அடிபட்டு, ரசம் சாதத்தில் நாளை ஓட்டுகிறவருக்கு என்ன மிஞ்சும்?

"வயசாயிடுச்சு, இனிமே ரெஸ்ட்தான்" என்ற பேச்சை முதலில் விடுங்கள். ரெஸ்ட் என்பது மருந்து மாதிரி. எத்தனை நாள் என்று கணக்கு வேண்டும். இதற்குத் துணையாக இன்னொரு பேச்சும் வரும்: "மூட்டு தேய்ஞ்சிருக்கு, நடந்தா இன்னும் தேயும்." மூட்டு வண்டி டயர் இல்லை. டயருக்கு உயிர் இல்லை, ஓட ஓடத் தேயும். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. மூட்டு மடங்கி நீளும்போதுதான் சுற்றியுள்ள திரவத்திலிருந்து அதற்குச் சத்து போகிறது. முட்டியைத் தாங்கிப் பிடிப்பது தொடைச் சதை. நடக்காமல் விட்டால் அந்தச் சதை வற்றும், பாரம் முழுக்க முட்டியில் இறங்கும், வலி கூடும். வலி கூடியதால் இன்னும் உட்காருவார்கள். எக்ஸ்ரேயில் தேய்மானம் இருந்தாலும் தொடையில் பலம் உள்ளவர்கள் படியேறுவதை நான் தினமும் பார்க்கிறேன்.

விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து வருகிறவர்களின் வீட்டில் "பாத்ரூம் வழுக்கிடுச்சு" என்பார்கள். அந்தத் தரை இருபது வருஷமாக அதே தரைதான். முன்பெல்லாம் வழுக்கினால் கால் சமாளித்துக்கொண்டது, இப்போது முடியவில்லை. வித்தியாசம் அங்கேதான்.

"நான்தான் தினமும் மொட்டை மாடியில் நடக்கிறேனே" என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நடப்பது மிக நல்லது, விடாதீர்கள். ஆனால் அது மட்டும் போதாது. 65 வயது தாண்டியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது நடை போன்ற மிதமான பயிற்சியோடு, சதைக்குப் பலம் தரும் பயிற்சி இரண்டு நாளாவது, தடுமாறாமல் நிற்கும் பயிற்சி மூன்று நாளாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதே பலப் பயிற்சிதான். முடிந்தால் எட்டுப் பத்து தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கலாம். அதே இடத்தில் ஒற்றைக் காலில் பத்து நொடி நிற்கலாம்.

இந்த வயதில் சதை வருமா என்று கேட்காதீர்கள். 1990இல் பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரியாக 90 வயதுக்காரர்களுக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். கால் பலம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது.

சில விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். பிளாஸ்டிக் நாற்காலியை நடு ஹாலில் போட்டு எழுந்து உட்காரும் பயிற்சியைச் செய்யாதீர்கள், வழுக்கிக்கொண்டு பின்னால் போகும். சுவரில் முட்டுக்கொடுத்துப் போடுங்கள். பாத்ரூம் வாசலில் கிடக்கும் பழைய துணியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். இரவில் எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, தலை சுற்றவில்லை என்று தெரிந்த பிறகு நிற்கட்டும். பிரஷர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். நெஞ்சு வலி, மூச்சு இரைப்பு, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். இதய நோய் உள்ளவர்களும் அண்மையில் ஆபரேஷன் ஆனவர்களும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சாப்பாட்டில் தினமும் முட்டையோ, மீனோ, பருப்போ, சுண்டலோ இருக்கட்டும். ராத்திரி இரண்டு இட்லி, சர்க்கரை தொட்டுக்கொண்டு என்றால் சதை எங்கிருந்து வரும்? சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மகனிடம் நான் கேட்டுக்கொண்டது இவ்வளவுதான். அம்மாவைப் பிடித்துப் பிடித்து எழுப்ப வேண்டாம், பக்கத்தில் நில்லுங்கள். தேங்காய் துருவுவதை அவரிடமே கொடுங்கள். காய்ந்த துணியை மடித்து அவரே பீரோவில் கொண்டுபோய் வைக்கட்டும். காலைக் காபியைச் சமையலறைக்கு நடந்துபோய் அவரே வாங்கிக்கொள்ளட்டும். பத்து நிமிஷம் ஆனாலும் பரவாயில்லை, காபி ஆறினால் சுடவைத்துக் கொடுங்கள்.